இடப்பக்கச் சீற்றின் அடியில்

மழை விட்டு மாதக்கணக்காகியும் காரின் இடப்பக்கத் தரைவிரிப்பு நனைந்திருந்தது. எமிலியானுஸ் றப்பர் மிதியடியைத் தூக்கிவிட்டு விரலால் அழுத்திப் பார்த்தார். விரிப்பு மெல்லத் தாழ்ந்து, விரலைச் சுற்றிக் கலங்கல் நீர் எழும்பி வந்தது. வெளியே கச்சான் காற்று புழுதியைச் சுருட்டி வேலிக் கிடுகில் அடித்துக்கொண்டிருந்தது. தாழ்வுபாடு ஊர்க் கிணறுகளில் வாளி அடித்தரையில் இடிபடும் சத்தம் கேட்கத் தொடங்கி எவ்வளவோ நாளாகிவிட்டது. முற்றத்து வேம்புகூட இலையைச் சுருட்டிக்கொண்டு, என்னிடம் ஒன்றும் கேட்காதே என்று நின்றது. அந்த வறட்சியில், அந்தத் தெருவிலேயே ஈரமாக இருந்த ஒரே பொருள் இந்தக் கார்தான்.

"இனி இதுவும் ஒரு வேலை" என்று யாருக்குமில்லாமல் சொல்லிக்கொண்டு கதவுப்படியில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் முனகின. வயது இன்னும் அறுபதைத் தாண்டவில்லை, ஆனால் உடம்பு அதை நம்பத் தயாராக இல்லை. மன்னார்ப் பட்டினத்துக் கராச் ஒன்றில் டிங்கர் வேலை செய்தே காலம் போயிருந்தது: அடிபட்ட கதவை நிமிர்த்துவது, துருப்பிடித்த தகட்டை வெட்டி ஒட்டுவது, ஒழுக்குப் பார்ப்பது. ஊராரின் வாகனங்களோடு மாரடித்து ஓய்ந்த பிறகு, தனக்கென்று ஒன்று வந்து சேர்ந்தால் அதற்கும் துருதான்.

கார் வாங்கியது ஆசைக்கல்ல. அவருடைய மனைவி எடித்துக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. மன்னார்த் தீவிலிருந்து பாலம் கடந்து பெருநிலத்து ஆஸ்பத்திரிக்குக் கிழமைதோறும் கொண்டுபோய், மெசினில் இரத்தத்தைச் சுத்தம் செய்து, உடம்பில் தங்கிய நீரை இறக்கிக் கூட்டிவர வேண்டும். முதலில் பஸ்ஸில்தான் போய்வந்தார்கள். ஒருநாள் திரும்பி வரும்போது உயிலங்குளம் என்ற ஊருக்குக் கிட்ட, பஸ்ஸுக்குள்ளேயே அவள் மயங்கி விழுந்துவிட, சனங்கள் தூக்கி இறக்கி வயற்கரை மரநிழலில் கிடத்தினார்கள். செருப்பு ஒன்று பஸ்ஸோடு போய்விட்டது. அவளுடைய வெறுங்காலை மடியில் வைத்துக்கொண்டு அந்த நிழலில் இருந்தபோதுதான், எப்பாடு பட்டாவது ஒரு கார் என்று அவர் முடிவெடுத்தார்.

அடம்பனில் ஒரு கமக்காரரின் மாட்டுக்கொட்டிலில் அது வருஷக்கணக்காக நின்றிருந்தது. எஞ்சின் நல்லது, உள்ளேதான் துரு. வாங்குமுன் பைசர் ஊரெல்லாம் விசாரித்தான். எருக்கலம்பிட்டியில் வாகனச் சீற்றுகளுக்கு உறை தைக்கிற அவன் எமிலியானுஸின் நெடுநாள் கூட்டாளி. பழைய கார்களின் வண்டவாளம் அவனுக்குத் தெரியாமல் இராது. இந்தக் காருக்குள் யாரும் சாகவில்லை. வெள்ளத்தில் அள்ளுண்டதும் இல்லை. சொல்லும்படியான கதை எதுவும் அதற்குக் கிடையாது.

ஆனால் எடித்தின் கழுத்தில், மெசினோடு பூட்டுவதற்கென்று போட்ட குழாய் இருந்தது. ஈரமும் பூஞ்சணமும் உள்ள இடத்தில் இவரை இருத்தவே கூடாது, கிருமி குழாய்வழி நேரே இரத்தத்துக்குப் போய்விடும், பிறகு எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று தாதி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆகவே கார் காய வேண்டும். காயாவிட்டால் எடித் இல்லை. 

இரண்டு முன்சீற்றுகளையும் கழற்றினார். சீற் முன்னும் பின்னும் ஓடுகிற இரும்புத் தடங்கள், அவற்றைத் தரையோடு பிடிக்கிற கால்கள், பிறேக் மிதியின் தாங்கி எல்லாம் தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தன. பனங்கள்ளு வினாகிரியில் ஊறப்போட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்து, வெள்ளை இரும்பு தெரிய வந்ததும் துடைத்து வெயிலில் காயவைத்து, சிவப்பு அடிப்பூச்சும் அதன்மேல் கறுப்புப் பெயின்டும் அடித்தார். புளித்த வாடை முற்றத்தை விட்டுப் போகவில்லை, துருத்தூள் நகத்தடியை விட்டுப் போகவில்லை. மறுநாள் காலையில் வலப்பக்கத்துச் சாமான்கள் அடித்த மேனிக்கு இருந்தன. இடப்பக்கத்தவற்றில் பெயின்டைத் தள்ளிக்கொண்டு துரு பொங்கியிருந்தது. திரும்பவும் தேய்த்தார். திரும்பவும் பொங்கியது. கோபம் வருகிற அளவுக்குக்கூட உடம்பில் தெம்பில்லாமல், மூன்றாம் முறையும் தூரிகையை எடுத்தார்.

வள்ளத்தில் வளர்ந்தவர்கள் ஒழுக்கு நீரை நாக்கில் வைத்துத்தான் இனம் காண்பார்கள். உப்பென்றால் அடியில் ஓட்டை, இல்லையென்றால் மழை. எமிலியானுஸும் விரலை விரிப்பில் ஒற்றி நாக்கில் வைத்தார். உப்புத்தான். ஆனால் கடல் இல்லை. கடலுப்புக்கு ஒரு கூர்மை உண்டு. இது மழுங்கிய உப்பு, அடியில் ஏதோ கசப்பு. இன்னொன்றும் இருந்தது. இரவெல்லாம் வேம்பின் கீழ் குளிரில் நின்ற காரில், அந்த நீர் இளஞ்சூடாக இருந்தது.

துப்பினார். கனநேரம் வாய் கொப்பளித்தார்.

பின்னேரம் பைசர் சீற்றுகளுக்கு அளவெடுக்க வந்தான். கதவைத் திறந்ததும் மூக்கைச் சுருக்கினான்.

"என்ன வாடை அண்ணே இது? ஆஸ்பத்திரி வாட்டுக்குள்ள போன மாதிரி."

"ஒழுக்கு, தம்பி. எங்கயிருந்து எண்டுதான் பிடிபடேல்லை."

"கண்ணாடி றப்பர் போயிருக்கும். மேலால வாறதுதான்."

"மேலால வாறதுக்கு மழை எங்க கிடக்கு?"

"அப்ப ஏசித் தண்ணி."

"ஏசி செத்துக் கனகாலம்."

பைசர் தலையைச் சொறிந்தான். ஒழுக்குப் பார்க்கிற பழைய முறை ஒன்றுதான் மிச்சம்: கதவு றப்பர், கண்ணாடி விளிம்பு, தகட்டுப் பொருத்து எல்லாவற்றிலும் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவிவிட்டு, ஒருவர் உள்ளே டோர்ச்சோடு இருக்க மற்றவர் வெளியே நின்று குழாயால் தண்ணீர் அடிப்பது. பவுடரில் எங்கே கோடு விழுகிறதோ அங்கே ஓட்டை. பீப்பாயில் சேர்த்துவைத்த தண்ணீரை இதற்கு வீணாக்குவது அவருக்கு நெஞ்சைச் சுட்டது. அதைவிடச் சுட்டது, வாசல் கதிரையில் இருந்த எடித் அந்தக் குழாயின் வாயை விட்டுக் கண்ணை எடுக்காதது. நாளொன்றுக்கு அவளுக்குச் சின்னத் தம்ளரில்தான் தண்ணீர். அளந்து கொடுப்பவர் அவர்தான். இரவில் அவள் வறண்ட நாக்கை மேலண்ணத்திலிருந்து பிரித்தெடுக்கும் சத்தம் அவருக்குக் கேட்கும், தூங்குவதுபோலக் கிடப்பார்.

உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டார். கூரையில் தண்ணீர் கொட்டத் தொடங்கியதும் வெளியுலகம் முழுவதும், காற்றும், கடற்கரைக் காற்றாலைகளின் ஓயாத இரைச்சலும், பைசர் தனக்குள் பாடிய பாட்டும், அந்த ஒரே பேரிரைச்சலுக்குள் அமிழ்ந்துபோக, கண்ணாடிகளில் வழிந்த நீரின் நிழல் அவர் கைகளிலும் முழங்காலிலும் புழுக்களாக நெளிய, அவர் டோர்ச்சை விளிம்பு விளிம்பாக நகர்த்திக்கொண்டு போனார். கதவு றப்பர், காய்ந்த பவுடர். கண்ணாடி விளிம்பு, காய்ந்த பவுடர். பொருத்துகள், காய்ந்த பவுடர். ஒரு கோடுகூட விழவில்லை. அப்போது பாதத்தில் சூடு தெரிந்தது.

குனிந்தார். விரிப்பைக் கழற்றிவிட்ட வெறும் தகட்டில், எடித் உட்காரும் இடப்பக்கச் சீற் இருக்கும் இடத்தில், நீர் அரும்பிக்கொண்டிருந்தது. ஓடிவரவில்லை, சொட்டவில்லை. நெற்றியில் வியர்வை அரும்புவதுபோல இரும்பில் முத்து முத்தாகப் பூத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, தகட்டின் பள்ளத்தில் இருந்த துளையை நோக்கி மெல்ல நகர்ந்தது. அடைத்த காருக்குள் அதன் வாடை எழும்பியது. அவருக்குத் தெரிந்த வாடை. சிறுநீரகம் கைவிட்ட நாள்முதல் எடித்தின் மூச்சில் வருகிற, தலையணையில் தங்குகிற, இரும்பும் மூத்திரமும் கலந்த அதே வாடை.

கண்ணாடியில் தட்டினார். பைசருக்குக் கேட்கவில்லை. கையை மடக்கிக் குத்தினார்.

"என்னண்ணே, கண்டீங்களா?" என்று பைசர் கதவைத் திறந்தான்.

"இல்லை," என்றார். டோர்ச்சை அணைத்துவிட்டு வெளியே இறங்கினார்.

சீற்றுகளைத் திரும்பப் பூட்டி, தடித்த பொலித்தீன் விரித்து, அடுத்த முறையும் அதே காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தாதி எடித்தை நிறுத்துப் பார்த்துவிட்டுத் தராசையே சந்தேகித்தாள். உடம்பில் இறக்குவதற்கு நீர் அதிகம் இல்லை. கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்தது. வீக்கத்தில் இறுகிக் கிடந்த கலியாண மோதிரம் சுழன்றது. "அன்ரி களவாப் பட்டினி கிடக்கிறாவோ?" என்று தாதி சிரித்தாள். எமிலியானுஸுக்கும் சிரிப்பு வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த ஒருநாள் அவர் சந்தோஷமாகக் கார் ஓட்டினார். பாலத்தில் காற்று காரைத் தள்ளியபோதுகூடப் பயம் வரவில்லை.

பகலில் அவர் கண்ணயரும்போது அவள் போய்க் காருக்குள் உட்கார்ந்துகொள்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. விழித்து வந்து பார்த்தால், வேம்பின் நிழலில், இடப்பக்கச் சீற்றில், கண்மூடிச் சாய்ந்திருந்தாள். காருக்கு அடியில் நீர் சொட்டிக் குட்டையாகத் தேங்கியிருந்தது. ஊர் சுற்றும் கழுதைகள் இரண்டு கழுத்தை நீட்டி அதை நக்கிக்கொண்டு நின்றன.

"ஈரத்துக்குள்ள இருக்காதை எண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

"இஞ்சேருங்கோ, இதுக்குள்ள இருந்தா எனக்கு லேசாக் கிடக்கு," என்றாள் எடித். கண்ணைத் திறக்கவில்லை. "தாகமும் தெரியேல்லை."

"கழுத்துக் குழாயில கிருமி போனா என்ன நடக்கும் எண்டு தெரியும்தானே?"

"தெரியும். கொஞ்ச நேரம் விடுங்கோவன்."

அவர் விடவில்லை. கையைப் பிடித்து இறக்கினார். அவளுடைய கை ஈரமில்லாமல், கடலை ஓடாகக் காய்ந்து, எடையே இல்லாமல் இருந்தது. நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

மேலால் இல்லையென்றால் கீழால்தான். வள்ளத்துக்கு மூன்றாவது வழி கிடையாது. கரையில் பிறந்தவர்களின் புத்தி எங்கே சுற்றினாலும் கடைசியில் வள்ளத்தில்தான் வந்து நிற்கும். குங்கிலியத்தையும் எண்ணெயையும் தகரத்தில் காய்ச்சி, முறுக்கிய பஞ்சுத் திரியை அதில் தோய்த்து, மொட்டை உளியால் இடித்து இடித்து, வள்ளத்துக்குக் கலப்பத்து அடிப்பதுபோலவே காரின் அடித்தகட்டில் இருந்த ஒவ்வொரு துளையையும் ஒவ்வொரு பொருத்தையும் அடைத்தார். கதவுகளின் கீழிருந்த துளைகளையும் விட்டுவைக்கவில்லை. மேலே தார் பூசினார்.

சீற் உறையோடு வந்த பைசர் காருக்கு அடியில் குனிந்து பார்த்துத் திடுக்கிட்டான்.

"அண்ணே, உள்ள வந்த தண்ணி வெளியில போறதுக்கு விட்ட ஓட்டை அது. காரைக் கொண்டுபோய்க் கடல்லயா இறக்கப்போறீங்க?"

"தண்ணி வராட்டிப் போறதுக்கு என்ன கிடக்கு, தம்பி?"

"அப்ப சரி," என்றான் பைசர். களைத்த மனிதரோடு மல்லுக்கட்ட அவனுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலையில் தரை காய்ந்திருந்தது. விரித்துவைத்த பத்திரிகைத் தாள் மொரமொரவென்று கையில் நொறுங்கியது. இடப்பக்கத் தடங்களில் கறுப்புப் பெயின்ட் பளபளத்தது. எமிலியானுஸ் கதவுப்படியில் உட்கார்ந்து பால் விடாத பிளேன்ரீ ஒரு கோப்பையை முழுதாகக் குடித்தார். கண் கலங்கியது. வேலை முடிந்துவிட்டது, எடித் பிழைத்துக்கொண்டாள். தார் வாடை போகும்வரை காருக்குள் ஏறக் கூடாது என்று அவளிடம் சொல்லிவிட்டுப் பகலெல்லாம் தூங்கினார். எழுந்து வந்தபோது கழுதைகள் காரைச் சுற்றி நின்றன. முன்னைவிட அதிகம். மேயவில்லை, ஒன்றையொன்று கடிக்கவில்லை. காய்ந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. கல்லெடுத்து எறிந்தும் போகவில்லை.

அன்று மாலை எடித்தின் மோதிரம் இறுகியது.

மறுநாள் கண்ணிமைகள் வீங்கின. அதற்கடுத்த நாள் முழங்காலுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து, விழுந்தபடியே கிடந்தது. தம்ளர் தண்ணீரையும் பாதியாகக் குறைத்தார். அப்படியும் ஊறினாள். படுக்க முடியாமல், சுவரில் சாய்ந்து, ஒவ்வொரு மூச்சையும் பிடித்திழுத்தாள். நெஞ்சுக்குள் நீர் கொதிப்பதுபோல ஒரு சத்தம். மாலையானதும் அவர் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தார். உடனே ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்றார்கள்.

அவளைத் தூக்கினார். கனத்தாள். வாசலைக் கடப்பதற்குள் இடுப்பு விட்டுப்போனது. அவளுடைய முகம் அவர் தோளில் கிடந்தது. மூச்சில் அந்த வாடை. அதே வாடை. முற்றத்தின் நடுவே, அவளைச் சுமந்தபடி, எமிலியானுஸ் நின்றுவிட்டார். இத்தனை நாளும் நீர் எந்த வழியாக வருகிறது என்றுதான் தேடினார். யாரிடமிருந்து வருகிறது என்று ஒருதரமும் கேட்கவில்லை.

"காருக்குள்ள," என்றாள் எடித். "கெதியா."

ஏற்றினார். இடப்பக்கச் சீற்றில் சாய்த்தார். அவள் முதுகு சீற்றில் பட்டதும் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள், நெடுந்தூரம் நடந்தவள் சுமையை இறக்கியதுபோல. புழுதிக்குப் பயந்து கண்ணாடிகளை ஏற்றி, கதவை அடைத்தார். காரைக் கிளப்புகிற திறப்பும் கிளினிக் அட்டையும் வீட்டுக்குள் இருந்தன. ஓடிப்போய் எடுத்தார். கும்பிடுகிற மாதா சுரூபத்தின் முன்னால் ஒரு கணம் நின்றார். அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது கார்க் கண்ணாடிகள் மங்கியிருந்தன. மூச்சுப் புகையாக்கும் என்று நினைத்தார். பிறகு அந்த மங்கலுக்கு ஒரு மேல்விளிம்பு இருப்பதைக் கண்டார். நேரான விளிம்பு. அது ஏறிக்கொண்டிருந்தது.

கதவை இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தார். கைப்பிடி கையோடு வந்தது. உள்ளங்கையில் பொடிந்தது. செந்தூள். மற்றக் கதவு. அதுவும் அப்படியே.

"எடித்!"

நீர் அவளுடைய மார்பில். பிறகு கழுத்தில். குழாயின் வெள்ளைக் கட்டு மிதந்தது. வெளியே ஒரு துளி சொட்டவில்லை. நிலம் காய்ந்து கிடந்தது. நன்றாகத்தான் அடைத்திருந்தார்.

சுத்தியலை எடுத்து ஓங்கினார். உள்ளே எடித் அவரைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். இடமும் வலமும், மெதுவாக. வேண்டாம். அவளுடைய வீக்கம் வற்றியிருந்தது. கன்னத்து எலும்பு தெரிந்தது. அவர் கட்டிக்கொண்டுவந்த நாளின் முகம். பயமில்லாத முகம். நீர் உதட்டைத் தொட்டது. அவள் வாயைத் திறந்தாள்.

குடித்தாள்.

தொண்டை ஏறி இறங்கியது. கண்ணை மூடி, ஆசை தீர, மடக்கு மடக்காகக் குடித்தாள். நீர்மட்டம் குறையவில்லை. மூக்கு மறைந்தது. மூடிய கண்கள் மறைந்தன. தலைமயிர் அவிழ்ந்து மேலே மிதந்தது. கூரைவரை நீர். தொண்டை இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் சுத்தியலை எறிந்துவிட்டு, உளியோடு காருக்கு அடியில் புகுந்தார். மல்லாந்து படுத்தார். பஞ்சைக் குத்தினார். கிளறினார். இழுத்தார். ஒரு திரி வந்தது. துளை திறந்தது.

கொட்டியது. சூடாக. செக்கச்செவேலென்று. துருவா என்று நாக்கில் வைத்துப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. மேலே, தகட்டுக்கு அப்பால், நகங்கள் இரும்பைப் பறண்டின. ஒரு முனகல். எடித்தின் குரல். நோவில் எழுகிற குரல்.

உள்ளங்கையால் துளையைப் பொத்தினார்.

முனகல் நின்றது. கைக்குள் நீர் முட்டியது. விட்டது. முட்டியது. விட்டது. அது நாடி. கையைக் கொஞ்சம் விலக்கினார். சிவப்பு முழங்கைவரை வழிந்தது, நாடி தளர்ந்தது, பறண்டல் கேட்டது. திரும்பவும் பொத்தினார். மெல்ல மெல்ல அது மீண்டும் பலம் பெற்று உள்ளங்கையை இடித்தது.

"நான் பிடிச்சிருக்கிறன்," என்றார். "எடித், நான் விடேல்லை."

கோயில் மணி அடித்து ஓய்ந்தது. காற்று புழுதியைக் கண்ணில் வாரி இறைத்தது. தெருவில் ஒருவரும் இல்லை. தகட்டுக்கு மேலே அவள் விழுங்கிக்கொண்டேயிருந்தாள், மடக்கு, இன்னொரு மடக்கு, அவசரமில்லாமல். எமிலியானுஸின் தோள்மூட்டில் உளைவு தொடங்கி, முழங்கை நடுங்கி, கை சோர்ந்துகொண்டு வந்தது.